அளவெடுக்கப்படாத உடல்

தெருமுனைத் தையற்கடைக்கு ரவிக்கைத் துணியை எடுத்துச் செல்லும் பெண்ணிடம் கடைக்காரர் முதலில் கேட்பது, "அளவு ரவிக்கை கொண்டு வந்தீங்களாம்மா?" என்பதுதான். அது இல்லையெனில் இஞ்சு டேப் வெளியே வரும். தோள், மார்பு, இடுப்பு, கைக்குழி, கைநீளம், முதுகின் உயரம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்ட பிறகே கத்தரிக்கோல் துணியில் படும். ஒரு ரவிக்கைக்கு இத்தனை கவனம்! ஆனால் உயிரைக் காக்கவென்றே செய்யப்படும் உடைகளும் கருவிகளும் உருவானபோது பெண்ணுக்கு அளவெடுத்தார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடையாகும். ஆணுக்கு அளவெடுத்துச் செய்ததைச் சற்றே சுருக்கிப் பெண்ணின் கையில் கொடுப்பது நெடுநாள் வழக்கமாக இருந்து வந்துள்ளது. அவ்வழக்கத்தால் விளைந்த தீங்குகள் யாவை, அதனை மாற்றும் வழி யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சராசரி மனிதன் என்னும் கற்பனை

பல்லாயிரக்கணக்கில் பொருள்களைச் செய்து குவிக்கும் தொழிற்சாலை, ஒவ்வொருவரிடமும் சென்று அளவெடுக்க இயலாது. எனவே அது ஒரு 'சராசரி மனிதனை'க் கற்பித்துக்கொள்கிறது. அந்தச் சராசரி மனிதன் எத்துணை உண்மையானவன் என்பதை அமெரிக்க விமானப்படை 1950-ஆம் ஆண்டில் மேற்கொண்ட ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. 4,063 விமானிகளின் உடலளவுகள் எடுக்கப்பட்டன. கில்பர்ட் டேனியல்ஸ் என்னும் இளம் ஆய்வாளர் அவற்றுள் உயரம், மார்பளவு, கைநீளம் போன்ற பத்து அளவுகளைத் தேர்ந்துகொண்டு, இப்பத்திலும் சராசரியை ஒட்டி அமைந்தவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டார். ஒருவர்கூட இல்லை!

இதன்பின் விமானியின் இருக்கை, கால்மிதி, தலைக்கவசப் பட்டை ஆகியவற்றை அவரவர் உடலுக்கேற்ப ஏற்றி இறக்கும் வகையில் அமைக்குமாறு விமானப்படை கேட்கலாயிற்று. மனிதனைக் கருவிக்கேற்ப வளைப்பதைவிடக் கருவியை மனிதனுக்கேற்ப அமைப்பதே அறிவுடைமை என்னும் பாடம் அன்றே கற்கப்பட்டது எனலாம். ஆனால் அன்று அளக்கப்பட்ட அனைவரும் ஒரே நாட்டின் ஒரே தொழிலைச் சேர்ந்த ஆண்கள். அவர்களுக்குள்ளேயே சராசரி மனிதன் ஒருவன் அகப்படவில்லை எனின், அந்தச் சராசரியைக் கொண்டு செய்த பொருள் பெண்ணுக்கு எவ்வாறு பொருந்தும்?

விண்வெளி உடையின் கதை

இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 2019 மார்ச் 29 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து ஆன் மெக்லெய்ன், கிறிஸ்டினா காக் ஆகிய இரு பெண்கள் விண்வெளியில் நடைபோடுவதாகத் திட்டமிடப்பட்டிருந்தது. ஆண்கள் எவரும் உடன் செல்லாமல் பெண்கள் மட்டுமே மேற்கொள்ளும் முதல் விண்வெளி நடை அதுவாக இருந்திருக்கும். அதற்கு ஒரு கிழமை முன்னர், மார்ச் 22 அன்று, தம் முதல் நடையை முடித்துத் திரும்பிய மெக்லெய்ன், மேலுடற் கவசத்தில் நடுத்தர அளவே தமக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று கண்டார். காக்குக்கும் அதே அளவே பொருந்தியது. அந்த அளவில் உடனே அணிவதற்கு ஆயத்தமாக இருந்ததோ ஒன்றே ஒன்று. இன்னொன்றைப் பல மணிநேரம் உழைத்து ஆயத்தம் செய்வதைவிட ஆளை மாற்றுவதே எளிது என்று முடிவு செய்யப்பட்டது. மெக்லெய்னின் இடத்தில் நிக் ஹேக் என்னும் ஆண் வீரர் காக்குடன் சென்றார்.

இம்முடிவில் பிழை இல்லை. பொருந்தாத உடையோடு வெட்டவெளியில் இறங்குவது உயிருக்கே கேடு. மெக்லெய்னும் இதற்கு உடன்பட்டார். ஆனால் அத்தகைய நெருக்கடி ஏன் வந்தது என்பதே கேள்வி. அந்த உடை 1970-களில் வடிவமைக்கப்பட்டு, 1983-இல் முதன்முதலாக விண்வெளியில் பயன்பட்டது. அதன் மார்புப் பகுதி கண்ணாடியிழையாலான கெட்டியான கூடு. துணிபோல் இழுத்துப் பிடித்துத் தைக்க அதில் இடமில்லை. தொடக்கத்தில் பல அளவுகளில் அதைச் செய்ய எண்ணியிருந்தனர். மிகச் சிறிய அளவு விண்வெளிக்குச் செல்லவே இல்லை. சிறிய அளவு 1990-களில் செலவுக் குறைப்பின் பொருட்டுக் கைவிடப்பட்டது. பேருடல் கொண்ட ஆண்களுக்கான மிகப் பெரிய அளவோ நிலைபெற்றது.

1978-இல் அமெரிக்கா தேர்ந்தெடுத்த 35 விண்வெளி வீரர்களில் 6 பேர் பெண்கள். 1984 ஜூலை 25 அன்று சோவியத் நாட்டின் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா விண்வெளியில் நடந்த முதற்பெண் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் காத்ரின் சல்லிவன் நடந்தார். ஆக, பெண்களால் இயலுமா என்னும் வினாவுக்கு 1984-இலேயே விடை கிடைத்துவிட்டது. உடையின் அளவைப் பற்றிய வினா மட்டும் 35 ஆண்டுகள் கழிந்தும் எஞ்சி நின்றது. 2019 அக்டோபர் 18 அன்று காக்கும் ஜெசிகா மெயரும் 7 மணி 17 நிமிடம் வெளியில் இருந்து, பழுதுபட்ட மின்கலக் கருவி ஒன்றை மாற்றித் திரும்பினர். இடைப்பட்ட ஏழு மாதங்களில் பெண்களின் ஆற்றல் வளர்ந்துவிடவில்லை. இரண்டாவது உடை ஆயத்தமாயிற்று, அவ்வளவே.

சுருக்கினால் போதுமா?

'ஆண் உடையில் சிறிய அளவு ஒன்றை எடுத்துக்கொண்டால் என்ன?' என்று சிலர் வினவக்கூடும். இங்குதான் அடிப்படைத் தவறு ஒளிந்திருக்கிறது. பெண்ணின் உடல் ஆண் உடலின் குறுகிய படி அன்று. தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள விகிதம் வேறு. மார்பின் வடிவம் வேறு. ஒரே உயரமுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால் கையின் அகலம், விரலின் பருமன், பாதத்தின் வடிவம், கழுத்துத் தசையின் வலிமை எல்லாம் பொதுவாக வேறுபடும். ஆண் சட்டையைச் சுருக்கினால் தோள் பொருந்தும்போது மார்பு இறுகும். மார்பு பொருந்தும்போது தோள் கீழே தொங்கும். இதனை எந்தத் தையற்காரரும் அறிவார். துணியில் டாட் பிடிப்பது எதற்காக? தட்டையான துணியை வளைவுள்ள உடலுக்கு இணக்குவதற்காகவே.

இந்த எளிய உண்மை கவச உடை செய்வோருக்கு மிகத் தாமதமாகவே எட்டியது. அமெரிக்கத் தரைப்படையில் பெண்களும் ஆண்களுக்குரிய குண்டு துளைக்காத கவசத்தையே அணிந்து வந்தனர். உடல் குட்டையாக இருப்பின் உட்காரும்போது கவசம் மேலேறி மோவாயை இடிக்கும். தோள் அகலம் மிகுதியாக இருப்பின் துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தோளில் சரியாகப் பதிக்க இயலாது. காக்க வேண்டிய கவசமே குறி பார்ப்பதைக் கெடுத்தது. 2012-ஆம் ஆண்டில்தான் பெண் உடலுக்கென மார்பில் டாட் பிடித்து, நீளத்தையும் தோளையும் திருத்தி அமைத்த கவசம் சோதனைக்கு வந்தது. தையற்கடையில் நாள்தோறும் நடப்பது, உலகின் பெரும் படையொன்றில் புதுமையாகப் போற்றப்பட்டது!

மோதல் சோதனைப் பொம்மை

உடையிலிருந்து கருவிக்கு வருவோம். மோட்டார் வண்டியின் சீட் பெல்ட்டும் காற்றுப்பையும் ஒருவகையில் உடலுக்குப் பொருந்த வேண்டிய உடைகளே. அவை பொருந்துகின்றனவா என்று அறிய, மனித உருவிலான சோதனைப் பொம்மைகளை வண்டியில் அமர்த்தி மோதவிடுகின்றனர். 1976-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'ஹைபிரிட் 3' என்னும் பொம்மை நடுத்தர ஆணின் உருவம். உயரம் ஏறத்தாழ 175 செ.மீ., எடை 78 கிலோ. பின்னர் வந்த பெண் பொம்மையோ ஏறத்தாழ 150 செ.மீ. உயரமும் 49 கிலோ எடையும் உடையது. பெண்களுள் மிகச் சிறிய உருவினரைக் குறிக்கும் இதுவும் பெரும்பாலும் ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்ததே. நடுத்தர உயரமுள்ள பெண் இவ்விரண்டுக்கும் இடையில் காணாமற்போய்விட்டாள்.

அப்பெண் பொம்மை எந்த இருக்கையில் அமர்த்தப்பட்டது என்பதும் சிந்திக்கத்தக்கது. அமெரிக்க அரசின் நட்சத்திர மதிப்பீட்டில் 2011 மாதிரி வண்டிகளிலிருந்து நடைமுறைக்கு வந்த நேர்மோதல் சோதனையில், ஓட்டுநர் இருக்கை ஆண் பொம்மைக்கும் பக்கத்து இருக்கை பெண் பொம்மைக்கும் ஒதுக்கப்பட்டது. பெண் வண்டி ஓட்டுவாள் என்பதையே அச்சோதனை கருதவில்லை போலும்!

இதன் விளைவு என்ன? அமெரிக்க விபத்துப் பதிவேடுகளைக் கொண்டு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒத்த விபத்துகளில் சீட் பெல்ட் அணிந்த பெண் ஓட்டுநர் கடுங்காயம் அடையும் வாய்ப்பு, அவ்வாறே பெல்ட் அணிந்த ஆண் ஓட்டுநரைவிட 47 விழுக்காடு மிகுதி. நேர்மோதல்களைப் பற்றி 2019-இல் வெளிவந்த அவர்களது மற்றோர் ஆய்வு 73 விழுக்காடு என்று கண்டது. ஈண்டு ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். இவ்வேறுபாடு முழுவதும் உடலமைப்பாலேயே வந்ததன்று. பெண்கள் பெரும்பாலும் சிறிய, எடை குறைந்த வண்டிகளை ஓட்டுவதும் ஒரு காரணம் என்று 2021-இல் மற்றோர் அமெரிக்க ஆய்வு நிறுவனம் காட்டியது. ஆயினும் அதைக் கழித்த பின்னும் கால் காயம் போன்றவற்றில் பெண்களுக்குக் கூடுதல் இடர் எஞ்சியே நின்றது.

சுவீடன் நாட்டுப் பேராசிரியை ஆஸ்திரிட் லிண்டர் தலைமையில் உருவாகி 2022-இல் அறிமுகமான பொம்மை, 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட நடுத்தரப் பெண்ணின் உருவம். பின்னாலிருந்து வண்டி மோதும்போது கழுத்தில் ஏற்படும் காயத்தை அளப்பதற்கென்று செய்யப்பட்டது. 1976-க்கும் 2022-க்கும் இடையே 46 ஆண்டுகள். ஒரு தலைமுறைக்கும் மேலான காலம்!

வேலைத்தளத்தில்

போர்க்களமும் மோட்டார் வண்டியும் நமக்குத் தொலைவு என்று தோன்றலாம். கையுறை, காலணி, முகக்கவசம், பாதுகாப்புப் பட்டை முதலியன எல்லாத் தொழிலுக்கும் உரியன. 2016-இல் பிரித்தானியாவில் தொழிற்சங்கங்களும் பெண் பொறியாளர் அமைப்புகளும் நடத்திய கருத்தாய்வில், தம் பாதுகாப்பு உடை பெண்களுக்கென்றே செய்யப்பட்டது என்று கூறியவர்கள் 29 விழுக்காட்டினரே. 57 விழுக்காட்டினர் அது ஓரளவோ பெரிதுமோ தம் வேலைக்கு இடையூறாக உள்ளது என்றனர். பெரிய கையுறை எந்திரத்தில் சிக்கும். தளர்ந்த முகக்கவசத்தின் ஓரமாக நச்சுத்தூசி நுழையும். கைநீளம் மிகுந்த மேலங்கியோடு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பன்சன் விளக்கருகே நிற்பவரின் நிலையை அறிவியல் மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

நம் ஊர்க் கட்டடப் பணிகளைப் பாருங்கள். கல்லும் கலவையும் சுமக்கும் சித்தாள், புடவைக்கு மேல் ஆண் சட்டை ஒன்றை அணிந்திருப்பார். வெயிலுக்கும் சிமெண்டுத் தூசிக்கும் மானத்துக்கும் அதுவே காப்பு. கணவனுடையதோ அண்ணனுடையதோ ஆன பழஞ்சட்டை அவருடைய தொழில் உடையாகிவிட்டது. கட்டடத் தொழிலில் நெடுங்காலமாகப் பெண்கள் உழைக்கிறார்கள். எனினும் அவர்களுக்கென்று ஒரு வேலையுடையை வடிவமைக்க வேண்டும் என்று தொழில் நடத்துவோருக்குத் தோன்றவில்லை.

அதே சித்தாளின் தலையில் இருக்கும் சும்மாட்டையும் காணுங்கள். பழந்துணியைத் தன் கையாலேயே முறுக்கி, தன் தலைக்கும் தன் சுமைக்கும் ஏற்பச் சுருட்டி வைத்துக்கொள்கிறார். அவரிடம் உள்ள கருவிகளுள் அளவெடுத்துச் செய்தாற்போல் பொருந்துவது அது ஒன்றே. காரணம், அதைச் செய்தவரும் பயன்படுத்துபவரும் ஒருவரே.

கேட்டால் கிடைக்கும் விடை

இவ்வுண்மைக்கு அயல்நாட்டிலும் சான்றுண்டு. 1977-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்னும் மூவர், ஓடும்போது மார்புக்குத் தாங்கல் இல்லாத குறையைத் தாமே தீர்க்க முனைந்தனர். ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் இரு தாங்குடைகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியைச் செய்தனர். அதுவே 'ஜாக்பிரா'. 1979-இல் காப்புரிமை பெற்றது. விளையாட்டுத் துறையில் பெண்கள் முன்னேறியதில் இச்சிறு ஆடைக்குப் பெரும்பங்குண்டு.

பெண்களுக்கென்று தனியாகச் செய்வது மட்டுமே தீர்வு என்றும் முடிவு கட்டிவிடலாகாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத் தந்தது. மாவட்ட ஆட்சித்தலைவர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். பல்லாயிரம் சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஏறினர். பெண்களுக்கான குறுக்குக் கம்பி இல்லாத வண்டிகள் போதாதபோது ஆண்களின் வண்டிகளையே ஓட்டினர். அவர்களுள் சிலர் ஆண் வண்டியையே விரும்பினர் என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். காரணம், அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்து ஓட்டலாம்! வடிவமைப்பாளர் தம் மேசையிலிருந்தே பெண்ணின் தேவையை ஊகித்தால் இதனை அறிந்திருக்க முடியுமா? பெண்ணுக்கென ஏதோ ஒன்றைச் செய்து இளஞ்சிவப்பு வண்ணம் பூசுவது போதாது. பயன்படுத்துபவரைக் கேட்க வேண்டும்.

சட்டமும் உடையை எண்ணிப் பார்க்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, இரு சக்கர வண்டியின் பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதிக்கு மறைப்பு வேண்டும் என்கிறது. புடவைத் தலைப்பு சிக்கி நேரும் விபத்தைத் தடுக்க, புடவையைக் குறை கூறாமல் வண்டியைத் திருத்திய விதி இது.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் விற்கப்படும் ரெடிமேட் உடைகளின் அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க, பிரித்தானிய அளவுகளைத் தழுவியவை. அந்த அமெரிக்க அளவுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1939, 40-இல் அந்நாட்டு வேளாண் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஆனால் வெள்ளையரல்லாதாரின் அளவுகள் முடிவுகளில் சேர்க்கப்படவில்லை. பெண்களை அளந்தபோதும் எல்லாப் பெண்களையும் கணக்கில் கொள்ளவில்லை என்பது இதனால் விளங்கும்.

இந்தியர்க்கென ஓர் அளவுமுறை காணும் பொருட்டு மத்திய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமும் 'இந்தியா சைஸ்' என்னும் திட்டத்தை மேற்கொண்டன. ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளப்பது அதன் நோக்கம். இது வரவேற்கத்தக்கது. இவ்வாறு திரட்டும் அளவுகள் கடைச் சட்டையோடு நின்றுவிடாமல், தலைக்கவசம், கையுறை, காவலர் கவசம், தொழிலாளர் காலணி வரை செல்ல வேண்டும் என்பதே நம் விருப்பம்.

விளையாட்டிலும் இக்குறை இருந்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தை நடத்த 2017-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவின் தலைவராக இருந்த வினோத் ராய், ஆண்களின் சீருடைகளை வெட்டித் திருத்தித் தைத்தே பெண் வீராங்கனைகளுக்குக் கொடுத்து வந்தனர் என்பதை அறிந்து தாம் அதிர்ச்சியுற்றதாக 2022-இல் கூறினார். நாட்டின் பெயரை மார்பில் தாங்கி ஆடுவோருக்கே வெட்டி ஒட்டிய உடை!

தடைகளும் விடைகளும்

'பெண்கள் இத்துறைகளில் மிகச் சிலரே. அவர்களுக்கென்று தனியே செய்தால் செலவு கட்டுப்படியாகாது' என்பது வழக்கமாகக் கூறப்படும் தடை. இதில் ஒரு வட்டம் இருப்பதைக் காண்க. பொருந்தும் உடை இல்லாததால் பெண்கள் அத்தொழிலுக்கு வரத் தயங்குகின்றனர், வந்தவர்களும் நிலைப்பதில்லை. அவர்கள் சிலராக இருப்பதையே காரணம் காட்டி உடையும் செய்யப்படுவதில்லை. இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். தொழிலாளி உடையை மாற்ற முடியாது. உடையை வாங்கித் தருபவரால் முடியும். எனவே பொறுப்பு அவரையே சாரும். கட்டடத் தொழிலில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பாதுகாப்பு உடை முறையாகப் பொருந்த வேண்டும் என்று அமெரிக்க அரசு வகுத்த விதி 2025 ஜனவரி 13 அன்று நடைமுறைக்கு வந்தது. அவ்விதி பெண்ணுக்கு மட்டுமன்றிச் சிற்றுடல் கொண்ட ஆணுக்கும் பயன் தருவது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

பொருந்தாத உடை வெறும் வசதிக் குறைவு அன்று. அது அணிபவரின் காதில் ஓயாமல் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது: 'இந்த வேலை உனக்காக ஏற்பட்டதன்று' என்று. கையுறை நழுவும்போது, தன் கை சிறியது என்று பெண் தன்னையே நொந்துகொள்கிறாள். கையுறை பெரியது என்று சொல்லத் துணிவதில்லை. குறை உடலில் இல்லை, கருவியில் இருக்கிறது என்று முதலில் நாம் தெளிய வேண்டும்.

நம்முள் பலர் நாளை ஆசிரியராக, அலுவலராக, தொழில் முனைவோராக ஆவோம். ஒரு துறைக்குச் சீருடையோ கருவியோ வாங்கும் பட்டியலில் கையெழுத்திடும் நாள் சிலருக்கேனும் வரும். அன்று விலையையும் எண்ணிக்கையையும் பார்ப்பதோடு, 'இது யாருக்கு அளவெடுத்துச் செய்தது? இதை அணியப் போகிறவர்களைக் கேட்டீர்களா?' என்னும் இரு கேள்விகளையும் கேட்போமாக. கோப்பில் இரு வரிகள் கூடும், அவ்வளவே. அவ்விரு வரிகளால் எங்கோ ஒருத்தி தன் கையுறையை இழுத்துவிட்டுக்கொள்ளாமல் தன் வேலையைச் செய்வாள்.